பெட்டிக்கு ஒரு போர்வை

"பெட்டி கொதிக்குதுப்பா. கையை வைக்க முடியல" என்று அம்மா தொலைபேசியில் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். அது 2015ஆம் ஆண்டின் மார்கழி. பேத்துப்பாறையில் அந்த மாதத்து விடிகாலையில் வாளித் தண்ணீரில் கையை விட்டால் விரல்கள் விறைத்துப்போகும். தேங்காய் எண்ணெய்ப் புட்டியை அடுப்பருகே வைத்து உருக்கினால்தான் தலைக்குத் தடவ முடியும். அப்படிப்பட்ட ஊரில் கொதிப்பதற்கு என்ன இருக்கிறது?

அம்மா சொன்னது தொலைக்காட்சிக்குக் கீழே இருக்கும் ரிசீவர் பெட்டியை. கூரைமேல் இருக்கும் டிஷ்ஷிலிருந்து கேபிள் வந்து சேர்கிற, புத்தக அளவேயான கறுப்புப் பெட்டி. ஊரில் அதற்கு 'பாக்ஸ்' என்று பெயர். அம்மாவுக்கு வெறும் பெட்டி. மாலை ஏழு மணிக்குமேல் படம் சதுரம் சதுரமாக உடைகிறதாம். பிறகு அப்படியே உறைந்து நிற்கிறதாம். ரிமோட்டை அழுத்தினால் அசைவில்லை. சுவிட்சை அணைத்து அரைமணி நேரம் கழித்துப் போட்டால் மறுபடியும் உயிர் வருகிறது. "மழையாயிருக்கும்மா" என்றோம். "மழையே இல்லடா" என்றார். புதுப் பெட்டி ஒன்று வாங்கி அனுப்பிவிட்டோம். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம். நாங்கள் மூன்று பேர்; மூன்று ஊர்களில் இருக்கிறோம்; மூவருக்குமே பிரச்சினைகளைப் பணம் அனுப்பித் தீர்க்கும் பழக்கம் அதற்குள் வந்துவிட்டிருந்தது.

நிற்க. பேத்துப்பாறையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கொடைக்கானலுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பெருமாள்மலையைப் பேருந்தின் சன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். அங்கிருந்து பிரிந்து போகும் பாதையில் இருக்கிறது எங்கள் ஊர். ஏரியும் படகும் இல்லாத மலை இது. காப்பியும் மலைவாழையும் மிளகும் விளைகிற சரிவுகள். நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்கள். அஞ்சுவீடு, கணேசபுரம் என்று அக்கம்பக்கத்துப் பெயர்கள். காட்டுயானைகள் வாழைத் தோட்டத்துக்குள் இறங்குவது இங்கே செய்தி அல்ல, பருவம். இருட்டியபின் ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போவதில்லை. வீடுகளும் அடுத்தடுத்து இல்லை. தோட்டத்துக்கு ஒன்றாக, கூப்பிடு தொலைவுக்கு வெளியே இருக்கின்றன.

இந்த மலைமடிப்புக்குள் தொலைக்காட்சி வந்த கதையே தனி. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கியது; அது எங்களுக்கு எட்டாத உலகம். இலங்கையின் ரூபவாஹினி 1982இல் வந்தபிறகு, தென்மாவட்டங்களில் உயர்ந்த கம்பம் நட்டு ஆன்டெனா கட்டியவர்களுக்குக் கடல் தாண்டிய படம் கிடைத்தது. அப்பா ஒரு சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டினார். காற்று அடிக்கும்போது மரம் ஆடும். மரம் ஆடும்போது நாடகத்தில் இருப்பவர்களும் ஆடுவார்கள். கொடைக்கானலில் தூர்தர்ஷன் ஒலிபரப்புக் கோபுரம் வந்தபிறகும் எங்களுக்குப் பெரிய மாற்றமில்லை. தரைவழி வரும் அலைக்கு நேர்ப்பார்வை வேண்டும். நடுவில் ஒரு முகடு நின்றால் போதும், படம் புள்ளிகளாகிவிடும்.

டிஷ் வந்துதான் எங்களுக்கு விடிவு பிறந்தது. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு மலை ஒரு தடையே இல்லை. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து எழுபது பாகைக்குச் சற்றுக் குறைவான உயரத்தில், ஏறக்குறைய தலைக்குமேல் இருக்கிறது. 2009இல் அப்பா டிஷ் வாங்கினார். அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி முன்பே வந்துவிட்டிருந்தது. மரத்தின் உச்சியில் இருந்த பழைய ஆன்டெனாவை அவர் இறக்கவில்லை. அது இன்றும் அங்கேதான் இருக்கிறது. அவ்வப்போது ஏதாவது பறவை வந்து உட்காருகிறது.

அப்பா 2014 ஆவணியில் காலமானார்.

*

2015இல் அனுப்பிய பெட்டி பதினோரு மாதம் உழைத்தது. அடுத்தது பத்து மாதம். மூன்றாவது பெட்டியும் "கொதிக்குது" என்று செய்தி வந்தபோது எங்களுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். 2017 டிசம்பரில் மூவருமாகச் சேர்ந்து ஊருக்குப் போனோம். அப்பாவின் காரியங்களுக்குப் பிறகு மூவரும் ஒன்றாகப் போனது அதுதான் முதல்முறை. ஒரு பெட்டிதான் எங்களைச் சேர்த்தது என்பதை அப்போது நாங்கள் கவனிக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் காரணம் கண்ணில் பட்டது. பெட்டியின்மேல் அப்பாவின் பழுப்புநிறக் கம்பளிச் சால்வை நான்காக மடித்துப் போர்த்தப்பட்டிருந்தது. அதன்மேல் இரண்டு தீப்பெட்டிகள், உப்புப் பொட்டலம், மாத்திரை அட்டைகள், அப்பாவின் மூக்குக்கண்ணாடி.

நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம். எங்களில் கொஞ்சம் தமிழ் படித்தவர் உடனே சொன்னார்: "அம்மா பேகன் பரம்பரை." வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. வையாவிக் கோப்பெரும்பேகன் இந்த மலைக்காரன். பொதினி என்று சங்கப்பாடல்கள் சொல்லும் பழனி அவனுடையது. மயில் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்த வள்ளல். மயிலுக்குப் போர்வை தேவையா, அதை அது உடுத்துமா என்று யோசிக்காத கொடை. கொடைமடம் என்று அதற்கு ஒரு சொல்லும் நம்மிடம் இருக்கிறது. மயிலாவது போர்வையால் சாகவில்லை. எங்கள் பெட்டிகள் செத்தன.

"இதை எடுத்துடும்மா, இதனாலதான் சூடாகுது" என்றோம்.

"அதை எடுக்காதீங்க" என்றார் அம்மா. குரலில் கெஞ்சல் இல்லை, தீர்மானம் இருந்தது.

பெருமாள்மலையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். நாற்பது வயதிருக்கும். மலைக்கிராமங்களில் டிஷ் கட்டுவதும் பெட்டி பழுதுபார்ப்பதும் அவர் தொழில். எங்களைப்போல் அவர் சிரிக்கவில்லை. சால்வையின் அடியில் கையை நுழைத்துப் பார்த்தார். கூடத்தில் அப்போது 17 டிகிரி. மல்டிமீட்டரில் வெப்பம் பார்க்கும் ஒயரைச் செருகிப் பெட்டியின் மூடியில் வைத்தார், 58 காட்டியது. சால்வையை எடுத்து ஒருமணி நேரம் விட்டு மறுபடி பார்த்தார், 36.

பிறகு செத்துப்போன இரண்டு பெட்டிகளையும் கேட்டு வாங்கித் திறந்தார். பலகையில் சிறு உருளைகளாக நின்ற கெப்பாசிட்டர்களைக் காட்டினார். தட்டையாக இருக்கவேண்டிய தலைகள் வடைபோல உப்பியிருந்தன. ஒன்றின் உச்சி வெடித்துப் பழுப்பாக எதுவோ கசிந்து காய்ந்திருந்தது.

அவர் சொன்னதையும், பிறகு நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே தருகிறோம். எங்களைப்போல் வேறு யாரேனும் பெட்டிக்குமேல் பெட்டி வாங்கிக்கொண்டிருக்கலாம் அல்லவா?

இத்தகைய பெட்டி சுமார் பத்துப் பதினைந்து வாட் மின்சாரம் எடுக்கிறது. அதில் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் முடிகிறது. பழைய பெட்டிகளில் ரிமோட்டால் அணைத்தாலும் பெரிய வேறுபாடில்லை. விளக்கின் நிறம் மாறும், உள்ளே வேலை நடந்துகொண்டேயிருக்கும். டிஷ்ஷின் முனையில் இருக்கும் எல்.என்.பி.க்கும் கேபிள் வழியாக 13 அல்லது 18 வோல்ட் கொடுப்பது இந்தப் பெட்டிதான். உள்ளே விசிறி கிடையாது. அடிப்பக்கத்துத் துளைகள் வழியாகக் குளிர்காற்று நுழையும். சூடாகி மேற்பக்கத்துத் துளைகள் வழியாக எழும்பும். சமையலறைப் புகைபோக்கியின் வேலைதான். மேல்துளையை அடைத்தால் இந்த ஓட்டம் நின்றுவிடும். கம்பளியோ, வெப்பத்தைப் பிடித்துவைப்பதற்கென்றே நெய்யப்பட்டது.

இன்னொரு விஷயம், மலையில் குளிர் இருக்கிறதே தவிர காற்று மெலிந்திருக்கிறது. கொடைக்கானல் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எங்கள் ஊர் கொஞ்சம் தாழ்வு. குறைவும் கொஞ்சம் குறைவு. மெலிந்த காற்று வெப்பத்தை மெலிதாகத்தான் சுமந்துபோகும். அதோடு, மின்கம்பி முடிகிற கடைசி வீடுகளில் மாலை நேரத்து வோல்டேஜ் இறங்கிப்போகிறது. இறங்கினாலும் பெட்டி ஓடும். ஆனால் அதே வேலையைச் செய்யக் கூடுதல் கரண்ட் இழுக்கும். மின்சாரம் நுழையும் பகுதி இன்னும் சூடாகும். அம்மா "ஏழு மணிக்குமேல" என்று சொன்னதன் பொருள் அப்போதுதான் விளங்கியது.

கெப்பாசிட்டருக்குள் இருப்பது ஒருவகைத் திரவம். வெப்பத்தில் அது மெல்ல வற்றுகிறது. பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது தொழிலில் இருப்பவர்களின் கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று எழுதப்பட்ட ஒன்று, 65 டிகிரியில் இருந்தால் 32,000 மணி நேரம் தாங்கும்; ஓயாமல் ஓடினாலும் மூன்றரை ஆண்டுக்குமேல். 85 டிகிரியில் வைத்தால் 8,000 மணி நேரம். அதாவது, பதினோரு மாதம். எங்கள் பெட்டிகளின் ஆயுளை யாரோ சாதகம் கணித்து எழுதியது போலிருந்தது.

மழையா சூடா என்று கண்டுபிடிப்பது எப்படி என்றும் மெக்கானிக் சொன்னார். டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவில் இருக்கும். கனமழையின் துளிகள் அதை விழுங்கவும் சிதறடிக்கவும் வல்லவை. மூடுபனியின் திவலைகள் அதற்கு மிகச் சிறியவை. எனவே பனிமூட்டத்தில் படம் போகாது, அடைமழையில் போகும், மழை விட்டால் தானே வரும். வானம் தெளிவாயிருக்கும்போது படம் உறைந்து, அணைத்து ஆறவைத்தால் வருகிறது என்றால் கோளாறு வானத்தில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது.

வீட்டுக்குள் இருக்கிறது. அந்த வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

*

"ஏம்மா போர்த்துனீங்க?" என்று அவர் கேட்டார். நாங்கள் மூன்று ஆண்டுகளில் கேட்காத கேள்வி.

அம்மா சொன்னார். அப்பா வாங்கிய முதல் பெட்டி ஓர் ஐப்பசி மழையில் போனது. கேபிள் செருகும் இடத்தில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. மேகம் வீட்டுக்குள் நுழைந்து கூடத்தில் உட்காரும் மாதங்கள் அவை. உப்பு நீராகும், தீக்குச்சி உரசினால் மருந்து உதிரும், அலமாரித் துணியில் பூஞ்சை படரும். ஈரம்தான் பெட்டியைக் கொன்றது என்று அப்பா முடிவுசெய்தார். அடுத்த பெட்டி வந்த அன்றிலிருந்து, இரவு ஒன்பது மணிச் செய்தி முடிந்ததும் சுவரிலிருக்கும் சுவிட்சை அணைத்து, தன் சால்வையால் பெட்டியை மூடிவிட்டுத்தான் படுப்பார். காலையில் எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொள்வார்.

"ஐயா செஞ்சது சரிதாம்மா" என்றார் மெக்கானிக். "அணைச்ச பெட்டிக்குப் போர்வை போட்டா தப்பில்ல. பூச்சி, பல்லி உள்ள போகாது. ஆனா இது அணையறதே இல்ல போலிருக்கே?"

அம்மா பதில் சொல்லவில்லை. எங்களைப் பார்க்கவுமில்லை.

நாங்கள் மெல்ல விளங்கிக்கொண்டோம். சால்வை மாறவில்லை, பழக்கம் மாறிவிட்டது. அப்பா இருந்தவரை அந்தப் பெட்டி ஒருநாளில் மூன்று மணி நேரம் ஓடியது. அவர் போனபிறகு இருபத்துநான்கு மணி நேரமும் ஓடியது. காலையில் பக்திப்பாடல், பகலில் எந்த நாடகமானாலும், இரவில் ஒலியைக் குறைத்து வைத்த படம் மட்டும். பேச்சுக்குரலுக்காக ஒன்று, இருட்டில் கொஞ்சம் வெளிச்சத்துக்காக ஒன்று. ஓடுகிற பெட்டியை அவர் அப்பாவின் முறைப்படி போர்த்தினார். இரண்டும் சேர்ந்தபோது வெப்பம் போக வழியில்லாமல் போயிற்று. கெப்பாசிட்டரின் கணக்கு, காற்றின் அடர்த்தி, வோல்டேஜ் எல்லாம் மெய்தான். ஆனால் பெட்டி சூடானதற்கு மூலகாரணம் ஒரு பெண் அந்த வீட்டில் தனியாக இருந்தது.

இதை அன்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. மாறாக, மூவரும் மும்முரமாகப் பொறியியலில் இறங்கினோம். எளிதானது அதுதானே!

தோட்டத்திலிருந்து நான்கு தட்டைக்கற்களைக் கொண்டுவந்து நிறுத்தி, மேலே ஒரு பலகைக்கல்லை வைத்து, அதன்மேல் பெட்டியை இருத்தினோம். எங்களுக்கே சிரிப்பாக இருந்தது. அப்படியே ஒரு குட்டிக் கல்திட்டை. பழனி மலையின் கல்திட்டைகளைப் பற்றி ஆங்கிலேட் பாதிரியாரும் நியூட்டனும் எழுதிய நூல் 1928இல் வெளிவந்தது. அவர்கள் பார்த்திருந்தால் இதையும் அளந்திருப்பார்கள். ஆனால் அடித்துளைகளைக் கல்லே அடைத்துக்கொண்டது. கல்லை நீக்கி, இரண்டு மரச்சட்டங்களின்மேல் பெட்டியின் விளிம்புகள் மட்டும் படும்படி வைத்தோம். மூடி 31 டிகிரிக்கு இறங்கியது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கணிப்பொறியிலிருந்து கழற்றிய ஒரு சிறு விசிறியையும் பின்னால் கட்டினோம். இன்னும் நான்கு டிகிரி இறங்கியது. வெற்றியோடு மலையிறங்கினோம். ஒரு வாரத்தில் அம்மா அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

"ராத்திரியெல்லாம் இரையுதுடா. வெளிய வாழைக்குள்ள என்ன சத்தம்னு கேக்கவே மாட்டேங்குது."

நாங்கள் யோசிக்காத ஒன்று. யானை வருவதை அங்கே கண்ணால் அறிவதில்லை. வாழை முறிகிற ஓசை, ஓர் இலை கிழிகிற ஓசை. அதற்காகத்தான் இரவில் தொலைக்காட்சியின் ஒலியை அவர் குறைத்து வைத்திருந்தார். மேலும், அந்த விசிறி பனியையும் தூசியையும் கொசுவையும் பெட்டிக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. குளிரவைப்பது என்றால் இயன்றமட்டும் குளிரவைப்பது என்று நாங்கள் எண்ணியிருந்தோம். ஈரம் மிகுந்த இடத்தில் கருவி சுற்றுப்புறத்தைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருப்பதே அதற்கு நல்லது; அப்போதுதான் பனி அதன்மேல் நீராகப் படியாது. அப்பாவும் சரி, அம்மாவும் சரி, பாதி உண்மையைக் கையில் வைத்திருந்தார்கள். மூன்று பட்டங்கள் வாங்கிய நாங்கள் மறுபாதியை வைத்துக்கொண்டு முழுவதும் தெரிந்ததாக நினைத்தோம்.

சால்வையைப் பற்றிச் சொல்லவில்லையே. அதை எடுத்துப் பெட்டிமேல் இனிப் போடக்கூடாது என்று பீரோவுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தோம். அடுத்த கோடையில் எங்களில் ஒருவர் போனபோது அது மறுபடியும் பெட்டியின்மேல் இருந்தது. இம்முறை நான்காக மடிக்காமல், மேல்துளைகளை விட்டுவிட்டு, முன்பக்கம் மட்டும் மறைத்து. அம்மா செய்துகொண்ட சமரசம் அது.

*

2018 நவம்பர் 16. கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி, வலுவிழந்தபடியே மேற்கு நோக்கி வந்து இந்த மலையையும் கடந்தது. கொடைக்கானல் மலையெங்கும் மரங்கள் விழுந்தன, பாதைகள் அடைபட்டன, மின்சாரம் போனது. டெல்டா மாவட்டங்களின் பேரழிவுக்கு முன்னால் எங்கள் மலையின் சேதத்தைப் பேசுவது நியாயமில்லை. ஆனாலும் எங்களுக்கு அது பேத்துப்பாறையில் நின்றுபோன ஒரு தொலைபேசி.

முதல்நாள் கூப்பிட்டோம், மணி அடிக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் எங்களில் இளையவர் வத்தலக்குண்டு வரை வந்து, அறுத்துப்போட்ட மரங்களுக்கிடையே ஊர்ந்த வண்டிகளில் மாறி மாறி ஏறி, கடைசித் தொலைவை நடந்து, மாலையில் வீடு சேர்ந்தார். அம்மா அடுப்பின்முன் உட்கார்ந்திருந்தார். நலமாகத்தான் இருந்தார். கூரையின் ஓர் ஓரம் பெயர்ந்திருந்தது. டிஷ் வளைந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டி அதன் மரச்சட்டங்களின்மேல் சில்லென்று இருந்தது. பல ஆண்டுகளில் முதல்முறையாக அது குளிர்ந்திருந்தது.

"என்னடா ஆச்சு? வெறும் காத்தா, புயலா?" என்று அம்மா கேட்டார்.

அவருக்குத் தெரியவில்லை. தமிழகம் முழுவதும் பெயர்சொல்லிப் பேசிக்கொண்டிருந்த ஒரு புயலின் நடுவில் மூன்று இரவுகள் இருந்தவருக்கு அதன் பெயரே தெரியவில்லை. முதல்நாள் மாலையே மின்சாரம் போய்விட்டது. மரங்கள் முறிகிற ஓசையை அவர் யானை என்று நினைத்திருக்கிறார். ஒரு யானை அல்ல, ஒரு கூட்டம் வீட்டைச் சுற்றி நிற்கிறது என்று எண்ணி, விளக்கைக்கூட ஏற்றாமல் அப்பாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு அடுக்களை மூலையில் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்.

மூன்று ஆண்டுகளில் மூன்று பெட்டிகள், ஒரு விசிறி, ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி அனுப்பியிருந்தோம். பேட்டரியில் ஓடும் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கித் தரவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அகில இந்திய வானொலியின் கோடை பண்பலை இதே மலையிலிருந்துதான் 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அதைக் கேட்க டிஷ்ஷும் வேண்டாம், செயற்கைக்கோளும் வேண்டாம். அந்தக் கருவி சூடாவதும் இல்லை.

அன்றிரவு எங்களில் இளையவர் மற்ற இருவரோடும் பேச முடியவில்லை, சிக்னல் இல்லை. மறுநாள் பெருமாள்மலைக்கு நடந்துவந்து பேசியபோது அவர் சொன்ன முதல் வாக்கியம்: "பேகன் அம்மா இல்ல. நாமதான்."

பேகனின் கதைக்கு ஒரு மறுபாதி உண்டு. பள்ளிப்பாடத்தில் மயிலோடு நிறுத்திவிடுவார்கள். அவன் மனைவியின் பெயர் கண்ணகி; சிலப்பதிகாரத்துக் கண்ணகி அல்லர், வேறொருவர். அவளைப் பிரிந்து அவன் வேறிடத்தில் இருந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் அவனிடம் போய்ப் பாடியிருக்கிறார்கள். புறநானூற்றில் அடுத்தடுத்து வரும் ஐந்து பாடல்கள். பொருள் கேட்டுப் போகிற புலவர்கள் அங்கே பொருள் கேட்கவில்லை. எங்களுக்குப் பரிசில் வேண்டாம், நீ தேரேறி வீட்டுக்குப் போ, அதுதான் நாங்கள் வேண்டும் பரிசில் என்பதே அவர்கள் கேட்டதன் சாரம். மயிலின் குளிரை உணரத் தெரிந்தவனுக்குத் தன் வீட்டில் ஒருத்தி வாடுவது தெரியவில்லை. கொடுப்பது எளிது. போவதுதான் கடினம். போர்வையை விட்டெறிந்துவிட்டுத் தேரை ஓட்டிக்கொண்டு போய்விடலாம்.

பேகன் திரும்பிப் போனானா என்று அந்தப் பாடல்கள் சொல்லவில்லை.

*

அம்மாவைக் கீழே அழைத்துவர நாங்கள் முயலவில்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். ஒருமுறை வந்தார், இருபது நாள் இருந்தார். இங்கே ராத்திரி எதையும் கேட்க வேண்டியதே இல்லை, தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அந்த வாக்கியம் எங்களுக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை.

அதனால் நாங்கள் போகிறோம். ஒரு மாதம் ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டோம். 2020இல் ஊரடங்கின்போது சில மாதங்கள் தவறியது. மற்றபடி தவறுவதில்லை என்று எழுதத்தான் ஆசை, தவறுகிறது. அலுவலகம், பிள்ளைகளின் தேர்வு, பயணக் களைப்பு என்று காரணங்கள் தயாராக இருக்கின்றன. தவறுகிற மாதங்களில் ஏதாவது வாங்கி அனுப்பத் தோன்றுகிறது. அப்படித் தோன்றும்போது ஒருவரையொருவர் "மயிலா?" என்று கேட்டுக்கொள்கிறோம். எங்களுக்குள் அது ஒரு குழூஉக்குறி ஆகிவிட்டது.

பெட்டியைப் பற்றி அறிய விரும்புகிறவர்களுக்கு: இப்போது இருப்பது 2019 தொடக்கத்தில் வாங்கியது, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. மரச்சட்டங்களின்மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேலே ஒன்றுமில்லாமல் இருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியின் சூடு படாத தட்டில், அடுப்பிலிருந்து விலகி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வண்ணம் தீட்டும் தூரிகையால் துளைகளின் தூசியைத் தட்டுகிறோம். கூரையில் கேபிள் செருகும் இடத்தை ரப்பர் நாடாவால் சுற்றி, கீழ்நோக்கி ஒரு வளையம் விட்டிருக்கிறோம். மழைநீர் அந்த வளையத்திலேயே சொட்டிவிடும், உள்ளே ஏறாது. சித்திரை, வைகாசியில் இடி கேட்டால் மின்செருகியையும் கேபிளையும் இரண்டையுமே பிடுங்கிவிட வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறோம். எங்களைவிட அவருக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. மற்ற நேரங்களில் பெட்டி ஓடட்டும் என்று விட்டுவிட்டோம். அதன் மிதமான வெதுவெதுப்பே ஈரத்துக்குக் காவல். தீப்பெட்டிகளும் உப்பும் மாத்திரைகளும் அதன் பக்கத்தில், மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில். அப்பாவின் கண்ணாடியும் அதற்குள்தான்.

டிரான்சிஸ்டர் அம்மாவின் தலையணைக்கு அருகில் இருக்கிறது. பேட்டரியை மாற்றுவது அந்தந்த மாதம் போகிறவரின் பொறுப்பு.

சால்வை இப்போது பெட்டியின்மேல் இல்லை, நாங்கள் எடுக்கவில்லை. ஒரு தை மாதத்தில், போனவர் கம்பளி கொண்டுபோக மறந்துவிட்டார். இரவில் கூடத்தில் பாய்விரித்துப் படுத்திருந்தவரைப் பார்த்துவிட்டு, அம்மா எழுந்துபோய்ப் பெட்டியின் முன்பக்கம் தொங்கிக்கொண்டிருந்த சால்வையை உருவி எடுத்துவந்து போர்த்திவிட்டார். அதன்பிறகு அது பெட்டிக்குத் திரும்பவில்லை. பாயோடு சேர்த்து மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. போகிறவருக்கு.

அதில் அப்பாவின் வாடை இல்லை. ஆண்டுக்கணக்கில் சூடான பிளாஸ்டிக்கின்மேல் கிடந்ததால் ஏறிய ஒரு வாடைதான் இருக்கிறது. துவைத்தும் போகவில்லை.